இரண்டு கடிகாரங்களோடு இஸ்தான்புல்லில்

அக்டோபர் 26, ஞாயிறு

சாவி கைக்கு வந்துவிட்டது. நகரத்தின் ஆசியக் கரையில் காடிகோய். அதற்குள் யெல்தெயிர்மெனி என்றொரு பேட்டை. நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. யெல்தெயிர்மெனி என்றால் காற்றாலை. 18ஆம் நூற்றாண்டில் இங்கே மாவரைக்கும் காற்றாலைகள் சுழன்றனவாம். இப்போது ஆலைகள் இல்லை. நாலைந்து மாடி உயரத்துக்கு வெற்றுச் சுவர் கிடைத்த இடமெல்லாம் ஓவியம் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்று மாதம் இங்கே உட்கார்ந்துகொண்டு டொராண்டோ அலுவலகத்துக்கு வேலை பார்க்கப் போகிறேன். சுற்றிப் பார்க்க வருவதென்றால் கனடா கடவுச்சீட்டுக்கு 180 நாளில் 90 நாள் விசா வேண்டாம். ஆனால் நான் தினமும் வேலை செய்யப்போகிறவள். அதனால் 2024இல் துருக்கி கொண்டுவந்த டிஜிட்டல் நாடோடி விசாவுக்கே விண்ணப்பித்தேன். வயது 21க்கும் 55க்கும் நடுவில் இருக்கவேண்டும், பட்டப்படிப்பு வேண்டும், மாதம் 3000 அமெரிக்க டாலர் வருமானத்தைக் காட்டவேண்டும். முதலில் இணையத்தில் ஒரு சான்றிதழ் வாங்கி, அதைக் கொண்டுபோய்த் தூதரகத்தில் விசா கேட்கவேண்டும். காகித வேலை அதிகம்தான். ஆனாலும் எல்லையில் ‘என்ன செய்யப் போகிறாய்’ என்று கேட்டால் உண்மையைச் சொல்ல முடிகிறதே, அந்த நிம்மதிக்காகச் செய்யலாம்.

வீடு பிடிக்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, வாசலில் சுற்றுலா அமைச்சின் அனுமதிப் பலகை. 100 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடும் வீட்டுக்கு 2024 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம். இரண்டாவது, கட்டடம் எந்த வருடத்தது என்பது. வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் ‘தெய்ஸே’ என்கிறார்கள், அதாவது பெரியம்மா, சின்னம்மா. அவர் பால்கனியையோ சமையலறையையோ முதலில் காட்டவில்லை. மாடிப்படி ஏறும்போதே, கீழ்வீட்டுப் பையனை மொழிபெயர்க்க வைத்து, “இது 1999க்குப் பிறகு புதிய விதிப்படி கட்டியது, பயப்படாதே” என்றார்.

1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் இஸ்மித் அருகே வந்த நிலநடுக்கத்தில் அரசுக் கணக்குப்படியே 17,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குக் காரணமான நிலப்பிளவு மார்மரா கடலுக்கு அடியில் இந்த நகரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. 2025 ஏப்ரல் 23 அன்று 6.2 அளவில் ஒரு குலுக்கல் வந்தபோது தெய்ஸே இரவு முழுக்கப் பூங்காவில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாராம். சாயங்காலம் அந்தப் பூங்காவைப் போய்ப் பார்த்தேன். நிலநடுக்கத்தின்போது கூடவேண்டிய இடம் என்று பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. மனதில் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

டொராண்டோவில் காலை 9 என்றால் இங்கே மாலை 4. நாலு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும் வேலை. காலை முழுக்க எனக்கு. மூன்று மாதம் தங்க ஆசைப்பட்டதே இந்தக் கணக்கை நம்பித்தான்.

கணக்கு சரி. பக்கத்து மனையை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று தெரிந்த கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு ‘கென்ட்செல் தோனுஷும்’, நகர்ப்புற உருமாற்றம் என்று பெயர். இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒன்றாவது நடக்கிறது. முதல் கூட்டத்தில் நான் பேசத் தொடங்கிய நொடியில் பிரேக்கர் மெஷின் கான்கிரீட்டைக் குடைய ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள், “என்ன அது?” என்றார்கள்.

போதாததற்கு ஐந்தரைக்கு இணையம் போனது. கட்டடத்துக்கு வெளியே பழைய செப்புக் கம்பி. மழை வந்தால் மக்கர் செய்யுமாம். கைபேசியின் தரவை வைத்து மீதியை ஓட்டினேன். இதில் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று: வெளிநாட்டில் வாங்கிய கைபேசியில் துருக்கி சிம் 120 நாள் வரைதான் வேலை செய்யும். அதற்கு மேல் தங்குவதானால் கைபேசியைப் பதிவு செய்து வரி கட்டவேண்டும், அது கைபேசி விலைக்கே வந்துவிடும். எனக்கு 90 நாள்தான், தப்பித்தேன்.

ஆறு மணியைத் தாண்டியதும் பிரேக்கர் நின்றது. நின்ற கையோடு மக்ரிப் பாங்கு. ஒரு மசூதியில் தொடங்கி, இரண்டு நொடி தள்ளி இன்னொன்றில், அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெலிதாக. மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 29, புதன்

குடியரசு நாள். தெரு முழுக்கச் சிவப்புக் கொடி, பிரேக்கருக்கு விடுமுறை. டொராண்டோவுக்கு விடுமுறை இல்லை என்பதால் காலையிலேயே கிளம்பினேன்.

வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஆய்ரிலிக் செஷ்மெசி என்ற ரயில் நிலையம். ‘பிரிவின் நீரூற்று’ என்று பொருள். மெக்காவுக்குப் புறப்படும் ஹஜ் கூட்டத்தையும் கிழக்கே போருக்குப் போகும் படையையும் வழியனுப்ப வருகிறவர்கள் இந்த நீரூற்று வரைக்கும் வருவார்கள். அதற்கு மேல் போகிறவர் மட்டும் போவார். ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயர்ப் பலகை இப்படித் தொண்டையை அடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. விமான நிலையத்தில் கடைசிக் கண்ணாடிக் கதவு வரை வந்து நின்ற என் அப்பாவின் முகம் வந்துபோனது.

அங்கே ஏறினால் மர்மராய். உஸ்குதாருக்கும் சிர்கேஜிக்கும் நடுவில், கடலுக்கு அடியில், சுமார் நாலு நிமிடத்தில் ஆசியாவிலிருந்து ஐரோப்பா. 2013இல் இதே அக்டோபர் 29 அன்று, குடியரசின் 90ஆம் ஆண்டில் திறந்தார்கள். அதற்கும் பல வருடம் முன்னால் முடிந்திருக்கவேண்டிய வேலை. யெனிகாபியில் நிலையத்துக்காகத் தோண்டியபோது பைசாந்தியக் காலத்துத் துறைமுகம் மண்ணுக்குள் அப்படியே கிடைத்தது. 37 கப்பல்கள்! சிலவற்றில் சரக்கு ஜாடிகள்கூட அடுக்கியபடி இருந்தன. இன்னும் கீழே போனால் 8,000 வருடத்துக்கு முந்தைய மனிதர்களின் காலடித் தடம். ரயில் திட்டம் காத்துக்கிடந்தது, தொல்லியலாளர்கள் தூரிகையால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் இருக்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இதற்காகக் காத்திருந்தார்களே என்று நினைத்தால் எனக்கு இந்த ஊர் மேல் மரியாதை கூடுகிறது.

திரும்பும்போது ரயில் வேண்டாம் என்று எமினோனூவில் படகு ஏறினேன்.

படகைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நகர அட்டையைத் தொட்டுவிட்டு ஏறினால் இருபது நிமிடம் கடல். வெளி பெஞ்சு, பின்னால் கடற்புறாக்கள், யாராவது எள் தூவிய சிமித் ரொட்டியைப் பிய்த்து மேலே எறிந்துகொண்டிருப்பார்கள். தட்டில் பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகளோடு ஒருவர் ஆட்டத்திலும் சிந்தாமல் நடந்து வருவார். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கோப்பை, பால் இல்லாத தேநீர். நல்ல டிகாக்ஷனின் நிறத்துக்கு இவர்கள் வைத்த பெயர் ‘முயல் ரத்தம்’. துருக்கி என்றாலே காபி என்று நினைத்திருந்தேன். காபி 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. தேயிலை வேரூன்றியது போன நூற்றாண்டில்தான்; கருங்கடல் ஓரத்து ரிஸேயில் முதல் தேயிலை ஆலை 1947இல் வந்தது. இன்று படகிலும் வங்கியிலும் செருப்புத் தைக்கும் கடையிலும் அந்தக் கோப்பை இல்லாத மேசையே இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

துருக்கிப் பாடம் நாலு நாளாகப் போகிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்த மொழி நம் மொழி போலவே வேலை செய்கிறது. வினை கடைசியில் வரும். சொல்லுக்குப் பின்னால் ஒட்டு மேல் ஒட்டாகச் சேரும். ‘எவ்’ என்றால் வீடு, ‘எவ்தெ’ என்றால் வீட்டில், ‘எவ்தென்’ என்றால் வீட்டிலிருந்து. என்னோடு படிக்கும் ஜெர்மன்காரர் இதற்கே தலையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று இன்னும் பெரிய சந்தோஷம். ‘கெல்தி’ என்றால் வந்தார். ‘கெல்மிஷ்’ என்றால்? ஆசிரியை கையையெல்லாம் ஆட்டி விளக்கினார்: நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லித் தெரியும், அந்த மாதிரி ‘வந்தார்’ என்று. வகுப்பில் மற்றவர்கள் விழித்தார்கள். எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. வந்தாராம்! ஒரு ‘ஆம்’ போட்டு நாம் முடிக்கிற வேலையை இவர்கள் ஒரு ‘மிஷ்’ போட்டு முடிக்கிறார்கள். இரண்டு மொழிக்கும் உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கணத்தில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது.

சொற்களிலும் ஒன்றிரண்டு கைகுலுக்கும். அரபியும் பாரசீகமும் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டுப் போனவை. ‘ஹாஸிர்’ என்றால் தயார், நம் ஆஜர். ‘வெகில்’ நம் வக்கீல். ‘மெய்தான்’ நம் மைதானம். முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். காய்கறிக்காரர் ‘ஆபி’, அதாவது அண்ணன். என்னை ‘ஆப்லா’, அக்கா என்கிறார்கள். ஆங்கிலத்திலேயே வாழ்ந்து பழகிய காதுக்கு இது எவ்வளவு இதம் என்று எப்படிச் சொல்வது!

இன்று கற்றதில் மனதில் நின்றது ‘கொலாய் கெல்சின்’. ‘எளிதாக வரட்டும்’ என்று பொருள். வேலை செய்துகொண்டிருக்கும் யாரைக் கடந்தாலும் சொல்வார்கள். தெரு கூட்டுகிறவருக்கு, கடையில் கணக்குப் போடுகிறவருக்கு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு. மதியம் முனைத் தேநீர்க் கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். கோப்பையை வைத்துவிட்டு அந்தப் பெரியவர் என்னிடமும் சொன்னார். பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வழியில் போகிறவர் ஒருவர் என் வேலை எனக்கு எளிதாகட்டும் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 1, சனி

மழை. தக்ஸிம் பக்கம் அதாதுர்க் நூலகத்தில் நாள் போனது. செதாத் ஹக்கி எல்தெம் வடிவமைத்த, அறுகோணக் கூரைகள் கொண்ட கட்டடம். இரவு பகலாகத் திறந்திருக்கிறது, ஜன்னல் வழியே பொஸ்போரஸ் நீரிணை தெரிகிறது. இடம் பிடிக்க மாணவர்கள் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். அலுவலகக் கூட்டம் இல்லாத நாளின் எழுத்து வேலைக்கு இதைவிட நல்ல மேசை கிடைக்காது.

நவம்பர் 3, திங்கள்

நாலு மணிக்குக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் என் முகம் மட்டும். ஐந்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் உறைத்தது. கனடாவில் நேற்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். துருக்கி 2016இலிருந்து தள்ளுவதில்லை; வருடம் முழுக்கக் கோடைக் கணக்குத்தான். வித்தியாசம் ஏழு மணியிலிருந்து எட்டு மணியாகிவிட்டது. இனி என் வேலை ஐந்து முதல் இரவு ஒன்று வரை.

இந்த ஒரே கணக்கால் இங்கே விடியலும் தாமதம். இப்போதே ஏழரைக்கு மேல்தான் சூரியன். டிசம்பர் கடைசியில் எட்டு இருபதைத் தாண்டிவிடும். பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகள் இருட்டில் நிற்கவேண்டியிருக்கிறது என்று கீழ்வீட்டு அம்மா வருத்தப்பட்டார். எனக்கும் அது சரியாகப் படவில்லை. மின்சாரக் கணக்குக்காக ஆறு வயதுக் குழந்தையை இருட்டில் எழுப்பக் கூடாது.

கையில் ஒரு மணி நேரம் மிச்சம். சட்டையை மாற்றாமல் படகுத்துறைக்கு இறங்கினேன். இடது பக்கம் திறந்த கடல். வலது பக்கம் ஹைதர்பாஷா நிலையம், 1908இல் திறந்தது. நேர் எதிரே பழைய நகரம் முழுவதும்: அயாசோஃபியா, சுல்தான் அகமது மசூதி, தள்ளி சுலைமானியே. காடிகோயின் பழைய பெயர் கால்செடோன். எதிர்க்கரையில் அவ்வளவு நல்ல இடம் இருக்க, இங்கே வந்து குடியேறியவர்கள் குருடர்கள் என்று ஒரு பாரசீகத் தளபதி சொன்னதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அது உறைக்கவில்லை. எதிர்க்கரையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி ஏது?

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நேற்று படித்தது நினைவுக்கு வந்தது. உதுமானியக் காலத்தில் சூரியன் மறையும் நொடிதான் 12 மணி. அங்கிருந்துதான் நாள் தொடங்கும். சூரியன் தினமும் ஒரே நேரத்தில் மறையாதே! அதனால் தினமும் கடிகாரத்தைத் திருத்தவேண்டும். அதற்காகவே பெரிய மசூதிகளுக்குப் பக்கத்தில் நேரம் கணிப்பவரின் அறை ஒன்று இருக்கும், பெயர் ‘முவக்கித்ஹானே’. தெருவில் போகிறவர்கள் நின்று தங்கள் கடிகாரத்தை அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். ஐரோப்பியக் கணக்கு நேரமும் கூடவே புழங்கியதால், ஒரே பைக்கடிகாரத்தில் இரண்டு முகப்பு வைத்தும் செய்திருக்கிறார்கள். 1926 முதல் நாளிலிருந்து குடியரசு எல்லாவற்றையும் 24 மணி நேரக் கணக்குக்கு மாற்றியது.

என் கைபேசியிலும் இரண்டு கடிகாரம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. இதுவரை மேலே இருந்தது டொராண்டோ. துறையில் நின்றபடியே இடம் மாற்றினேன். இஸ்தான்புல் மேலே வந்தது. சின்ன வேலைதான். ஆனால் இனி காலையில் கண்ணைத் திறந்து ‘அங்கே இப்போது நடுநிசி’ என்று எண்ணப்போவதில்லை. எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: சம்பளம் தரும் ஊரின் நேரத்தைத் தலைக்குள் ஓட விட்டால், எந்த ஊரில் இருந்தாலும் வாடகை அறையில்தான் இருப்பீர்கள்.

நவம்பர் 5, புதன்

இன்று லோதோஸ். தென்மேற்கிலிருந்து அடிக்கும் வெதுவெதுப்பான காற்று. அலை துறைச் சுவரைத் தாண்டி நடைபாதையில் விழுகிறது. படகுகள் ரத்து. தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் லோதோஸ் மேல்தான் பழி. தெய்ஸே நெற்றியில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தார். எலுமிச்சைச் சாறு கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைப் பிடித்து, “எல்லெரினே சாலிக்” என்றார். உன் கைகளுக்கு ஆரோக்கியம்.

நவம்பர் 8, சனி

இரண்டு வாரம் தள்ளிப்போட்ட பிறகு அயாசோஃபியா. 537இல் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த தேவாலயம், 1453இல் மசூதி, 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மறுபடி மசூதி. 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனி வாசல், மேல்மாடம் மட்டும், 25 யூரோ. விலை எனக்குக் கசந்தது. தொழுகை நடக்கும் கீழ்த்தளத்தில் கூட்டம் நெரியாமல் இருப்பதைப் பார்த்தபோது தனி வாசலின் நியாயம் புரிந்தது.

குவிமாடத்தையும் பொன் மொசைக்கையும் பற்றி எழுதாதவர் இல்லை. நான் நெடுநேரம் நின்றது தெற்கு மாடத்தில் ஒரு பளிங்குக் கைப்பிடிச் சுவரின் முன்னால். அதில் தேய்ந்துபோன கீறல்கள். வைக்கிங் எழுத்து. தெளிவாகப் படிக்க முடிகிற பகுதி ஹால்ஃப்தான் என்ற ஒரு பெயர். பைசாந்தியப் பேரரசர்கள் வடக்கேயிருந்து வந்த வீரர்களைக் கூலிக்குக் காவல் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் செதுக்கியிருக்கலாம் என்கிறார்கள். கீழே புரியாத மொழியில் நெடும் வழிபாடு நடந்திருக்கும். கையில் ஆயுதம், வெளியே வெயில், ஊரோ பல மாதப் பயணத் தூரம். தன் பெயரைத் தன் எழுத்தில் ஒரு தடவை எழுதிப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. எழுதிவிட்டு மறுபடி நிமிர்ந்து நின்றிருப்பான்.

வெளியே வரும்போது முவக்கித்ஹானேயையும் பார்த்தேன். 1840களில் அயாசோஃபியாவைப் பழுதுபார்த்த ஃபோசாட்டி சகோதரர்கள் கட்டிக்கொடுத்தது. சின்னக் கட்டடம். ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

நேற்றிரவே தெய்ஸே சொல்லியிருந்தார்: “ஒன்பது ஐந்துக்கு வெளியே இரு.” 1938 நவம்பர் 10, காலை 9:05க்கு டோல்மாபாஹ்செ அரண்மனையில், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் இறந்தார். அவர் அறையில் இருக்கும் கடிகாரத்தை இன்றும் அந்த நேரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று வரை வேலை, தூங்கும்போது இரண்டு. ஆனாலும் எட்டரைக்கு எழுந்துவிட்டேன். ஒன்பதுக்குத் தெருவில் வழக்கமான திங்கட்கிழமை. ரொட்டிக் கடையில் வரிசை, ஸ்கூட்டர்கள், பக்கத்து மனையில் பிரேக்கர். அப்புறம் சைரன். துறையிலிருந்து படகுகளின் ஊதல் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வந்தது. ஸ்கூட்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். ரொட்டிக் கடையில் காசை நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு பெண் பெட்டிக் கடைக்காரரின் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதாள், இருபது வயதுகூட இருக்காது. இந்த நாட்டின் அரசியல் பிளவுகளை நான் இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே கருத்துக்காரர்கள் இல்லை. ஆனாலும் நின்றார்கள்.

இடிபாட்டின் மேல் மூன்று தொழிலாளர்கள், தூசி படிந்த தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நின்றிருந்தார்கள். இரண்டு வாரமாக அந்த இயந்திரத்தின் சத்தத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன். அதைப் பிடித்திருந்தவரின் முகத்தை இன்றுதான் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும்.

சைரன் ஓய்ந்தது. கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் குனிந்தார். வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, “கொலாய் கெல்சின், ஆபி,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தார். “சா ஓல், ஆப்லா.” அப்புறம் பிரேக்கரை இயக்கினார்.